பாதி மிஷினுக்குப் பாதி அடி

முப்பத்திரண்டு வருஷமாக அடுத்தவர்களுக்குத் தரை போட்டுக்கொண்டிருக்கிறேன். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், காவல் நிலையம் என்று நான் மெழுகிய சிமெண்டில் கால் வைக்காதவர்கள் இந்த ஊரில் குறைவு. என் வீட்டுத் தரையில் மட்டும் குழி இருந்தது. ஒன்றல்ல, பதினோரு குழி. பதினொன்றும் எனக்கு மனப்பாடம் என்பதால் நான் விழவில்லை. என் மனைவிக்கும் மனப்பாடம்தான். ஒரு நாள் ஒரு குழியை மட்டும் மறந்துவிட்டாள். இடுப்பெலும்பு விட்டுப்போயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சமதரைன்னா சமதரை. கம்பு ஊன்றி நடக்கப் போறவங்க. இன்னொரு தடவை விழுந்தா எழுந்திருக்க மாட்டாங்க" என்றார். அவள் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கிருந்து ஒரே ஒரு போன்.

"ஊருக்கெல்லாம் கண்ணாடி மாதிரி போட்டுக் குடுத்தீங்க. எனக்குச் சல்லடை. தரை முடிஞ்சா கூப்பிடுங்க. 'நாளைக்கு'ன்னு சொல்றதுக்காகக் கூப்பிடாதீங்க."

மறுநாளே வேலையை ஆரம்பித்தேன். வீடு என்றால் இரண்டு அறைதான். கட்டில், பெட்டி, பாத்திரம், அவளுடைய தையல் மிஷின் எல்லாவற்றையும் பின்னறையில் அடைத்துவிட்டு, முன்னறையைக் கொத்திக் கிளறி, ஜல்லி போட்டு, மேலே கலவை போட்டு, மட்டப்பலகை இழுத்து, சிமெண்டுப் பால் ஊற்றி மெழுகி முடித்தபோது மூன்றாம் நாள் உச்சி வெயில். கையாள் வரவில்லை, தனியாளாகவே செய்தேன். நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் அது மாதிரித் தரை நான் ஆஸ்பத்திரிக்குக்கூடப் போட்டதில்லை. கரணையைக் கழுவ வாசல் குழாயடிக்குப் போனேன்.

திரும்பிப் பார்த்தால் என் தரையின் நடுவில் ஒரு ஆள் நிற்கிறான்.

பின்னறை ஜன்னல் வழியாக உள்ளே வந்திருக்கிறான். உள்ளே வந்த வழியில் மிஷினை வெளியே கொண்டுபோக முடியவில்லை. அதனால் மரியாதையாக நடுக் கதவைத் திறந்து, மிஷினின் தலையைத் தோளில் வைத்துக்கொண்டு, முன்வாசல் வழியாகப் போகப் பார்த்திருக்கிறான். தரை பளபளவென்று இருக்கவே காய்ந்த தரை என்று நினைத்துவிட்டான். அது என் தொழிலுக்குக் கிடைத்த பாராட்டு. ஏழு அடி எடுத்து வைத்திருந்தான். இரும்பு மிஷினின் கனம் வேறு. ஒவ்வொரு காலும் கணுக்கால்வரை இறங்கியிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் "திருடன்! திருடன்!" என்று கத்தியிருப்பார்கள். நான் கத்தியது இதுதான்:

"அசையாதே! மிதிக்காதே!"

அவன் அப்படியே நின்றுவிட்டான்.

"எங்கண்ணே போறது?" என்றான்.

"எங்கேயும் போகாதே. இன்னொரு அடி வச்சே, கொன்னுடுவேன். இரு, பலகை போடறேன்."

கால்பலகையை எடுத்து வாசலிலிருந்து அவன்வரை போட்டேன். அதன்மேல் முட்டி போட்டுப் போய்ச் சேர்ந்தேன். "முதல்ல மிஷினைக் குடு" என்றேன். "வாங்கிக்கண்ணே, தோள் விட்டுப்போச்சு" என்று கொடுத்தான். பத்திரமாகக் கொண்டுபோய் வாசலில் வைத்தேன். பிறகு அவன் கையைப் பிடித்துப் பலகைமேல் ஏற்றினேன். ஒரு காலின் செருப்பு ஏற்கெனவே நாலாவது தடத்தில் சிமெண்டோடு நின்றுவிட்டிருந்தது. வெளியே வந்து அந்த ஏழு பள்ளத்தையும் ஒருதரம் பார்த்தேன். கையில் தரை தேய்க்கும் மெழுகுகட்டை இருந்தது. குனிந்து காலைத் துடைத்துக்கொண்டிருந்தவனின் பின்பக்கத்தில் ஒன்று வைத்தேன். ஒரே ஒன்று.

உண்மையைச் சொன்னால் அந்த அடி மிஷினுக்காக இல்லை. தரைக்காக.

அடித்தபிறகு கோபம் போய்விட்டது, சிமெண்டு இறுகுவது மட்டும் நிற்கவில்லை. மட்டப்பலகை ஆறடி நீளம். பள்ளத்தை நிரப்பிச் சமமாக இழுக்க இரண்டு ஆள் வேண்டும். "பிடிடா அந்த முனையை" என்றேன். பிடித்தான். நன்றாகவே பிடித்தான். வாசல் பக்கமாக இருந்த மூன்று தடத்தைச் சரிசெய்தோம். மீதி நாலுக்குப் புதுக் கலவை போட வேண்டும். கலவை ஊறும்வரை நான் உட்கார்ந்தேன், அவன் குந்திக்கொண்டான். நான் கடையில் வாங்கி வைத்திருந்த சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தேன். எதிரில் ஒருவனை வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிட எனக்கு வராது. பாதி கொடுத்தேன். சாப்பிடும்போது மனிதன் நாலு வார்த்தை பேசுவான். மனைவி விழுந்தது, டாக்டர் சொன்னது, அவள் தங்கை வீடு தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்த் தெருவில் இருப்பது, எல்லாம் சொன்னேன்.

"அண்ணிக்கா இந்தத் தரை? தெரிஞ்சிருந்தா ஜன்னல் வழியா கையில சிக்கினதை எடுத்துட்டுப் போயிருப்பேன்" என்று வருத்தப்பட்டான்.

கை கழுவிவிட்டு, வழக்கப்படி தரையின் மூலையில் ஆணியால் தேதியும் மணியும் எழுதினேன். தரைக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். ஏழு நாள் தண்ணீர் கட்ட வேண்டும், அந்தக் கணக்கு தப்பக் கூடாது. தண்ணீர் இல்லாமல் காய்ந்த சிமெண்டு வெடித்துவிடும். எழுதி நிமிரும்போது வாசலில் ஒரு காவலர் நின்றார். என் சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்திருக்கிறார்.

"யாரும் எதையும் தொடக் கூடாது. இது சான்று" என்றார் காவலர்.

"மிஷினுங்களா?"

"மிஷினும்தான். தரையும்தான்."

கதவுக்குக் குறுக்கே கயிறு கட்டி, நாலு மூலையிலும் அரக்கு வைத்தார்கள். நாலு கால்தடமும் ஒரு செருப்பும் உள்ளே. என் மனைவியின் சமதரை வெயிலில் தனியாகக் காய ஆரம்பித்தது.

நிலையத்தில் ஆய்வாளர் என்னைத்தான் முதலில் உட்கார வைத்தார். திருடனால் உட்கார முடியவில்லை. அதை ஒரு தாளில் 'உட்காரும் திறன் இழப்பு' என்று எழுதிக்கொண்டார்.

"திருடன் வந்தா நீ என்ன பண்ணியிருக்கணும்?" என்றார்.

"தெரியலைங்க."

"எங்ககிட்ட வந்திருக்கணும். காவல்துறை உதவி கேக்க நேரம் இருக்கும்போது சொந்தக் கையால அடிக்க யாருக்கும் உரிமை இல்லை. உனக்கு நேரம் இருந்துச்சா?"

"இல்லைங்க. அவன் அதுக்குள்ள போயிருப்பான்."

"தரையில மணி எழுதியிருக்கியே. அதுக்கு நேரம் இருந்திருக்கே."

"அது அடிச்சதுக்கு அப்புறம் எழுதினதுங்க."

"அப்புறம் இருந்த நேரம் முன்னாடி மட்டும் எங்கே போயிருக்கும்?"

"எல்லாத் தரையிலும் எழுதுவேங்க. உங்க மேஜைக்கு அடியிலகூட இருக்கு" என்றேன். அவர் குனிந்து பார்த்தார். பதினாறு வருஷத்துக்கு முந்தைய தேதியும் மணியும் என் கையெழுத்தில் இருந்தன. எண்களை மட்டும்தான் அப்போது எனக்கு எழுதத் தெரியும். நிமிர்ந்து, 'நேரம் இருக்கும் வழக்கமுடையவர்' என்று எழுதிக்கொண்டார்.

"சரி சார், நான் வந்து சொல்லியிருந்தா நீங்க எப்போ வந்திருப்பீங்க?"

"புகார் எழுதினதும்."

"புகார் எப்போ எழுதுவீங்க?"

"திருட்டு முடிஞ்சதும். முடியாத திருட்டுக்கு எப்படிய்யா புகார் வாங்குறது? நாளைக்கு அவன் மனசு மாறித் திருப்பி வச்சுட்டா நாங்க யாருக்குப் பதில் சொல்றது?"

இது அவர் வேலை மட்டும் இல்லை என்று பக்கத்து அறைக்கு அனுப்பினார். கதவில் 'வலுப்பிரயோக அளவீட்டுப் பிரிவு' என்று பலகை. நான் எழுத்துக் கற்றது ஐம்பது வயதில், சாயங்கால வகுப்பில். அந்தப் பலகையை வாசித்து முடிப்பதற்குள் உள்ளேயிருந்து "வாங்க, வாங்க" என்று கூப்பிட்டுவிட்டார்கள். அளவீட்டு அதிகாரி மெலிந்த, அன்பான மனிதர். என் கையைப் பிடித்து உள்ளங்கையை அமுக்கிப் பார்த்தார். 'காய்ப்பு: அதிகம்' என்று எழுதினார்.

"பயப்படாதீங்க பெரியவரே. சட்டம் உங்க பக்கம்தான் இருக்கு. சொத்தைக் காப்பாத்த அடிக்கலாம். தாராளமா அடிக்கலாம். தேவையான அளவு. அந்த அளவைச் சொல்லத்தான் நாங்க இருக்கோம். இந்தப் பிரிவு ஆரம்பிச்சு ஒன்பது வருஷம் ஆச்சு. ஒரு திருடனைக்கூட நாங்க பிடிச்சது இல்லை, அது எங்க வேலையும் இல்லை. ஆனா திருடனைப் பிடிச்சவங்க நூத்தி நாப்பது பேரை அளந்திருக்கோம். சரியான அளவுல அடிச்சவங்க இதுவரைக்கும் ஒருத்தரும் இல்லை. அவ்வளவு நுணுக்கமான சட்டம்!"

சொல்லும்போது அவர் கண் கலங்கியது.

மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு பட்டியல் இருந்தது. கோழி என்றால் கத்தலாம். குடை என்றால் கத்தலாம், கையையும் நீட்டலாம். சைக்கிள் என்றால் ஒரு தள்ளு. விரலை ஓட்டிக்கொண்டே போய்த் தையல் மிஷினில் நிறுத்தினார்.

"ஒரு அடி. அனுமதி இருக்கு!"

எனக்கு உயிர் வந்தது. "ஒரே அடிதாங்க அடிச்சேன்."

"நல்லது. மிஷின் முழுசா எடுத்தானா?"

"தலையை மட்டும்தாங்க. கால் மேஜை உள்ளேயே இருக்கு."

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். "அப்போ பாதி மிஷின். பாதி மிஷினுக்குப் பாதி அடிக்குத்தான் உரிமை. நீங்க அரை அடி கூடுதலா அடிச்சிருக்கீங்க."

"பாதி அடி எப்படிங்க அடிக்கிறது?"

"ஓங்கணும். இறக்கக் கூடாது."

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அடித்தபோது மிஷின் எங்கே இருந்தது என்று கேட்டார். வாசலில் பத்திரமாக வைத்துவிட்டேன் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஐயோ பெரியவரே. பொருள் கைக்கு வந்ததும் உரிமை முடிஞ்சு போச்சே! தோள்ல இருக்கும்போதே அடிச்சிருக்கணும்."

"அடிச்சா மிஷின் தரையில விழுந்திருக்குமேங்க. ஈரத் தரை."

"இந்தப் பட்டியல்ல தரை இல்லை. தரையை யாரும் திருடிட்டுப் போக முடியாது. அதனால அதுக்கு அடியும் கிடையாது."

அரை அடி போய் முழு அடியும் கூடுதல் என்று ஆயிற்று. சும்மா இருந்திருக்கலாம். அவன் அப்படியொன்றும் கெட்டவன் இல்லை, சேர்ந்துதான் சாப்பிட்டோம் என்று நல்ல வார்த்தையாக நினைத்துச் சொல்லிவிட்டேன். சாப்பாடு போட்டால் அவன் விருந்தாளி, விருந்தாளியை அடிப்பதற்கு வேறு பட்டியல் என்றார். மட்டப்பலகை பிடித்தான் என்று அந்தத் திருடனே எனக்குச் சாதகமாகச் சொல்லப்போக, அடித்து வேலை வாங்கியதாக இன்னொரு தாள் சேர்ந்தது. ஈரத் தரையை அறிவிப்புப் பலகை இல்லாமல் திறந்து வைத்ததைப் பொறி வைத்ததாக எழுதினார்கள். "ஜன்னல் வழியா வர்றவனுக்கு எங்கேங்க பலகை வைக்கிறது?" என்றேன். "ஜன்னல்லதான்" என்றார் அதிகாரி.

அடியின் அளவைக் கண்டுபிடிக்க ஒரு மணல் மூட்டையைத் தராசில் தொங்கவிட்டார்கள். அவனை அடித்த மாதிரியே மெழுகுகட்டையால் பத்து தடவை அடிக்கச் சொன்னார்கள். சராசரி எடுப்பார்களாம். மூட்டை ஒன்றும் என் தரையை மிதிக்கவில்லை, கோபமே வரவில்லை. இருந்தாலும் அடித்தேன். சாயங்காலம் எழுத்தர் டீ குடிக்கப் போய்விட்டதால் வகுக்க ஆள் இல்லை. பத்தையும் கூட்டி எழுதிவிட்டார்கள். அந்தத் தாளைப் பார்த்தால் ஒரு லாரி அவன்மேல் ஏறியது போல இருந்தது.

"அண்ணே, சத்தியமா அவ்வளவு வலிக்கலை" என்றான் திருடன்.

"வலிச்சுதா இல்லையான்னு நீ சொல்லக் கூடாது. தராசு சொல்லும்" என்று அதிகாரி அவனை அதட்டினார்.

இனிமேல் அந்த வீட்டில் கையையோ குரலையோ உயர்த்த மாட்டேன் என்று என்னிடம் உறுதிமொழி எழுதி வாங்கிக்கொண்டார்கள். முழுவதும் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். என் பெயருக்குக் கீழே கோடும் போட்டேன்.

மறுநாளிலிருந்து என் கவலை ஒன்றே ஒன்று. தண்ணீர். புதுத் தரைக்குத் தண்ணீர் கட்டாமல் ஒரு நாள் போனால் மயிரிழைக் கோடு விழும். இரண்டு நாள் போனால் கோடு கிளை விடும். காவலர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் குடத்தோடு நின்றேன்.

"சான்றை நனைக்கக் கூடாது மேஸ்திரி."

"நனைக்காட்டி வெடிச்சிடும்ங்க."

"வெடிச்சா வெடிச்ச சான்று. நனைச்சா நனைச்ச சான்று. முதல் குத்தம் வெயிலோடது, ரெண்டாவது என்னோடது. மனு குடுங்க."

மனு எழுதினேன். வாழ்க்கையில் நான் எழுதிய முதல் மனு. 'சிமெண்டுக்குத் தாகம் உண்டு என்பதை ஐயா அவர்கள் அறிவீர்கள்' என்று ஆரம்பித்தேன். நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. 'சான்றுப் பொருளுக்கு உணவோ பானமோ வழங்க விதியில் இடமில்லை.' மறுபடி எழுதினேன். சாப்பிடவும் மாற்றுத் துணி எடுக்கவும் பின்னறைக்கு ஜன்னல் வழியாகத்தான் ஏற வேண்டியிருந்தது. நான் ஏறும்போதெல்லாம் காவலர் குறிப்பேட்டில், 'இன்றும் தன் வீட்டில் தானே புகுந்தார். எடுத்துச் சென்றது: சட்டை ஒன்று' என்று எழுதுவார்.

நல்ல மனிதர்தான். இரண்டாம் நாளே தரையில் முதல் கோடு விழுந்தபோது நான் வாசலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், தன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்தார். "ச்சே, கை தவறிடுச்சு" என்றார். ஒரு கை அகலத்துக்குத் தரை குளிர்ந்தது. மணிக்கு ஒருதரம் அவருக்குக் கை தவறியது. ஆனால் ஒரு பாட்டில் தண்ணீர் ஒரு அறைக்கு எந்த மூலைக்கு?

மனைவி போன் செய்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. ஆனா..."

"என்ன ஆனா?"

"உள்ள போக முடியாது. சீல் வச்சிருக்காங்க."

"சொந்த வீட்டுக்குச் சீலா? திருடனை விட்டுட்டு நம்ம தரையையா பிடிச்சு வச்சிருக்காங்க?"

"அவனையும் பிடிச்சாங்க. ஜாமீன்ல விட்டுட்டாங்க. தரைக்கு ஜாமீன் இல்லையாம்."

"இங்க தங்கச்சி மாமியார் நான் நடக்கிற டக்டக் சத்தத்துக்குக் காதுல பஞ்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா" என்றாள். பிறகு மெதுவாக, "சீக்கிரம் கூப்பிடுங்க" என்றாள். அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை.

தினமும் நிலையத்தில் கையெழுத்துப் போடும் பெஞ்சில் திருடனும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம். அவன் ஒற்றைச் செருப்போடு வருவான். மற்றது என் தரையில் அரக்கு முத்திரைக்குள் இருந்தது.

"தரை எப்படிண்ணே இருக்கு?"

"வெடிக்குது."

"அண்ணி?"

"காத்துக்கிட்டிருக்கா."

"மிஷின்?"

உள்ளே அலமாரிமேல் மிஷின் இருந்தது. அதன்மேல் யாரோ டீ டம்ளரை வைத்திருந்தார்கள். இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அவன் எழுந்துபோய் டம்ளரை எடுத்துக் கீழே வைத்துவிட்டு வந்தான்.

பன்னிரண்டாம் நாள் 'சம்பவ மறுசெயல் விளக்கம்' என்று வந்தார்கள். நடந்ததை நடந்தபடியே செய்து காட்ட வேண்டுமாம். ஆய்வாளர், அளவீட்டு அதிகாரி, காவலர், திருடன், நான். மிஷினை ஜீப்பில் கொண்டுவந்திருந்தார்கள். அன்று காலையில்தான் என் இரண்டாவது மனுவுக்கு அனுமதி வந்தது. 'தடங்கள் இல்லாத பகுதியில், சொட்டுச் சொட்டாக, முன்தேதியிட்டுத் தண்ணீர் ஊற்றலாம்.' தரை அதற்குள் காய்ந்த குளத்தடி மாதிரி ஆகியிருந்தது.

"நீ பின்னறையில இருந்து மிஷினைத் தூக்கிட்டு வா. அதே தோள், அதே வேகம்" என்றார் அதிகாரி திருடனிடம். "அந்தத் தடத்துல அதே காலை வை. இவர் அசையாதேன்னு கத்துவார். நீ நிக்கணும். நின்னதும் நான் அளப்பேன்."

திருடன் மிஷினைத் தோளில் ஏற்றினான். முதல் தடத்தில் கால் வைத்தான். சரியாகப் பொருந்தியது. அதிகாரி தலையாட்டினார். இரண்டாவது. மூன்றாவது. நாலாவதில் செருப்பு இருந்தது. அதன்மேல் பதமாக மிதித்து நின்று என்னைப் பார்த்தான்.

நான் வாயைத் திறக்கவில்லை.

அவன் இன்னும் கொஞ்சம் பார்த்தான். பிறகு ஐந்தாவது அடியை எடுத்து வைத்தான். ஆறாவது. ஏழாவது. வாசல். படி. தெரு.

"ஏன்யா கத்தலை?" என்று ஆய்வாளர் கத்தினார்.

"குரலை உயர்த்த மாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கேங்க. கோடு போட்டுக் கையெழுத்து."

"போறான்யா! பிடிய்யா அவனை!"

காவலர் இரண்டு அடி ஓடி நின்றார். "எவ்வளவு பலத்துல பிடிக்கட்டும் சார்?"

எல்லோரும் அளவீட்டு அதிகாரியைப் பார்த்தோம். அவர் அதற்குள் ஜீப்பின் மூடிமேல் பட்டியலை விரித்துவிட்டார். "இருங்க, அவசரப்படக் கூடாது. இது இப்போ தையல் மிஷின் இல்லை, சான்றுப் பொருள். சான்றுப் பொருள் தனித் தலைப்பு. அதுவும் எடுத்துட்டுப் போறது திருட்டான்னு முதல்ல பாக்கணும். தூக்கிட்டு நடன்னு சொன்னது நாமதான். எதுவரைக்கும் நடக்கணும்னு சொல்லலையே."

"சார், தெருமுனைக்குப் போயிட்டான்."

"ஓடுறானா, நடக்கிறானா?"

"நடக்கிறான் சார். ஒரு கால்ல செருப்பு இல்லை."

"ஓடுறவனுக்குத்தான் தள்ளு. நடக்கிறவனுக்கு..." என்று பக்கத்தைத் திருப்பினார். அந்தத் தாள் இல்லை. என் கதவில் வைத்த அரக்கை உருக்க அந்தத் தாளைத்தான் கொளுத்தினார்கள் என்று காவலர் பணிவாகச் சொன்னார். தாள் கிடைத்திருந்தாலும் பயனில்லை, திருடன் முனை திரும்பிவிட்டான்.

சாயங்காலம் போன் வந்தது.

"ஏங்க, யாரோ ஒரு ஆள் என் மிஷினைக் கொண்டாந்து வச்சிட்டுப் போறார். ஒத்தைச் செருப்பு. 'அண்ணி, எண்ணெய் போடுங்க, ஸ்டேஷன்ல தூசி'ன்னார். யாருங்க அது?"

"விருந்தாளி" என்றேன்.

மறுநாள் ஆய்வாளர் என்னை நாற்காலியில் உட்கார வைத்து டீ சொன்னார். அப்போதே எனக்குப் பயம் வந்துவிட்டது. ஒரு தாளை நீட்டினார். எழுத்துக்கூட்டி வாசித்தேன். 'மேற்படி நபரிடம் தையல் மிஷின் எதுவும் எக்காலத்திலும் இருந்ததில்லை.'

"என் மனைவி இருபத்தஞ்சு வருஷமா தைக்கிறாளேங்க?"

"கையால தைச்சிருப்பாங்க" என்றார். "இதோ பாருங்க மேஸ்திரி. நிலையத்துக் காவல்ல இருந்த பொருள் போச்சுன்னு மேலிடத்துக்குப் போனா எங்களை அளக்க ஆரம்பிப்பாங்க. மிஷினே இல்லைன்னா திருட்டு இல்லை. திருட்டு இல்லைன்னா அடி இல்லை. உங்க மேல இருக்கிற அத்தனை தாளும் போயிடும். அவன் மேல இருக்கிறதும் போயிடும்."

"நாலு கால்தடம்?"

அளவீட்டு அதிகாரி பக்கத்து அறையிலிருந்து குரல் கொடுத்தார். "தரையில் இயற்கையாக அமைந்த பள்ளம். எழுதியாச்சு."

கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை கோடு போடவில்லை.

அன்றே கயிற்றை அவிழ்த்தார்கள். காவலர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, வெடித்த தரையைக் கொத்த எனக்கு ஒத்தாசை செய்தார். செருப்பு உடையாமல் வந்தது. கழுவி முன் ஜன்னல் விளிம்பில் வைத்தேன். மறுபடி ஜல்லி, மறுபடி கலவை, மறுபடி மெழுகல். ஏழு நாள் தண்ணீரில் நின்றது தரை. எட்டாம் நாள் மனைவிக்குப் போன் செய்தேன். "முடிஞ்சுது" என்று மட்டும் சொன்னேன்.

ஆட்டோவிலிருந்து இறங்கினாள். மடியில் மிஷின். கம்பை ஊன்றி உள்ளே நடந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கம்பின் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அடியில் பொள்ளலாக, வெற்றிடமாக இருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். சுவரிலிருந்து சுவர்வரை போனாள், திரும்பி வந்தாள். எங்கேயும் பொள்ளல் இல்லை.

"சொந்தத் தரையை ரெண்டு தடவை போட வேண்டியிருந்துச்சா?" என்றாள். "முப்பத்திரண்டு வருஷத்துக்கு வட்டி."

அந்த மாதக் கடைசியில் காவலர் ஒரு பையோடு வந்தார். உள்ளே அளவீட்டு அதிகாரியின் சீருடைக் கால்சட்டை. இடுப்பில் கொஞ்சம் பிடித்துத் தைக்க வேண்டுமாம்.

"எந்த மிஷின்ல தைக்கிறதாம்?" என்றாள் மனைவி.

"அதெல்லாம் அவர் கேக்கச் சொல்லலைங்க. எவ்வளவு பிடிக்கணும்னும் அவருக்குச் சொல்லத் தெரியலை. நீங்களே குத்துமதிப்பாப் பாத்துப் போட்டுடுங்க."

மூன்று மாதம் கழித்து வாசல்படியும் தேய்ந்திருப்பதாக அவள் சொன்னாள். நாளைக்கு என்று சொல்லவில்லை, அன்றே போட்டேன். மெழுகி முடித்துவிட்டுக் குழாயடிக்குப் போய்க் கரணையைக் கழுவித் திரும்பினால், ஜன்னல் விளிம்பில் செருப்பு இல்லை. ஈரப் படியைக் குனிந்து பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. சுவரோரமாகக் கால்பலகை போடப்பட்டிருந்தது. நான் போடவில்லை.

"யாரோ இப்போதான் போனாப்ல இருந்துச்சு" என்றாள் மனைவி உள்ளே மிஷினை நிறுத்திவிட்டு. "கூப்பிட்டு ஒரு வாய் சாப்பிடச் சொல்லியிருக்கலாமே."

"வேண்டாம். சாப்பாடு போட்டா வேற பட்டியல்" என்றேன்.

ஆணியை எடுத்துப் படியின் மூலையில் தேதி எழுதினேன். மணி எழுதவில்லை.